காமிராவுக்கு மூன்று கால்கள்



முன்பு என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது கல்லூரியில் விலங்கியல் பயில்கிறார். பறவைகளைப் படம் பிடிக்கவேண்டும் என்ற ஆர்வம் அவருக்கு. நான்கு காமிராக்களின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, “ஐயா, இவற்றுள் எதை வாங்கலாம்?” என்று கேட்டார். “அது இருக்கட்டும் தம்பி. வாங்கிய காமிராவை எதன்மேல் நிறுத்தப் போகிறாய்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “ஸ்டாண்டுதானே ஐயா! காமிரா வாங்கினால் கடைக்காரரே ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்” என்றார்.

கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கும் அந்த ஸ்டாண்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ட்ரைபாடு என்று பலரும் வழங்கும் அக்கருவியை இப்பேச்சில் முக்காலி என்றே அழைக்கிறேன். உட்காரும் முக்காலியும் இதுவும் ஒரே வடிவக் கணித உண்மையிலிருந்து பிறந்தவை. ஆகையால் பெயர் பொருந்தும்.

இதன் அருமையை நான் நூல்களில் படித்து அறிந்தேனல்லேன், பட்டுத் தெரிந்துகொண்டேன். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நம் நாட்டில் கங்கண சூரிய கிரகணம் தோன்றியது உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். சந்திரன் பூமியிலிருந்து சற்று விலகி நிற்கும்போது, அதன் வட்டம் சூரிய வட்டத்தை முழுதும் மறைக்கப் போதுமானதாக இராது. விளிம்பில் நெருப்பு வளையம் ஒன்று எஞ்சி நிற்கும். உதகமண்டலம், கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் வழியே அவ்வளையம் தெரியும் பாதை சென்றது. காலை ஒன்பதரை மணியை ஒட்டி ஏறக்குறைய 3 நிமிடமே அது நீடிக்கும் என்று முன்னமே கணித்திருந்தார்கள்.

மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு திடலுக்குச் சென்றிருந்தேன். என்னிடம் நல்ல காமிரா இருந்தது. 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள நீண்ட லென்ஸ் இருந்தது. அதன் முன்புறம் மாட்டுவதற்குச் சூரிய வடிகட்டியும் இருந்தது. வடிகட்டி இல்லாமல் சூரியனை லென்ஸின் வழியாகவோ வெறுங்கண்ணாலோ பார்ப்பது கண்ணையே பறித்துவிடும் என்பதை இடையிலே சொல்லி வைக்கிறேன். முக்காலியும் இருந்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைதான். விரித்தால் என் தலை உயரத்துக்கு நிற்கும். மடக்கினால் பைக்குள் அடங்கும். தோளில் மாட்டினால் இருப்பதே தெரியாது. அதையே அதன் சிறப்பென்று எண்ணி மகிழ்ந்தவன் நான்.

சூரியன் அப்போது தொடுவானத்துக்கு மேல் 35 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருந்தது. காமிராவை நிமிர்த்தி, சூரியனைப் படத்தின் நடுவில் நிறுத்தி, முக்காலியின் தலையிலுள்ள திருகை இறுக்கிக் கையை எடுத்தேன். கண்ணெதிரே சூரியன் மெல்ல மேலேறிப் படத்தின் ஓரத்துக்குப் போயிற்று. ஏறியது சூரியனன்று, லென்ஸின் பாரத்தால் காமிரா தலை கவிழ்ந்துகொண்டிருந்தது. கவிழும் அளவை முன்கூட்டி எண்ணிச் சற்று மேலே குறிவைத்தேன். விரல் வலிக்கும்வரை திருகை இறுக்கினேன். ஒன்பதரை மணி நெருங்கியபோது மெல்லிய மேகம் படர்ந்து வெளிச்சம் குன்றியது. ஷட்டரின் வேகத்தை 1/15 வினாடிக்குக் குறைக்க நேர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் எழுந்தது. திரையில் வளையம் தோன்றி நடுங்கிக்கொண்டிருந்தது. நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த 3 நிமிடத்தில் 11 படங்கள் எடுத்தேன். ஆறில் வளையம் ஓரத்தில் அறுபட்டிருந்தது. மற்ற ஐந்தில் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதுபோலக் கலங்கிக் காணப்பட்டது. இதனினும் பெரிய இழப்பு வேறொன்று. திடலின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். இலைகளுக்கு இடையேயுள்ள ஒவ்வொரு சிறு துளையும் ஊசித்துளைக் காமிராவாகி, தரையெங்கும் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்களை வரைந்துகொண்டிருந்தது. “ஐயா, இங்கே வந்து பாருங்கள், தரையெல்லாம் வளையம்!” என்று ஒரு மாணவி கூவினாள். “இதோ வருகிறேன் அம்மா” என்று சொல்லிக்கொண்டே திருகோடு மல்லாடினேன். நான் திரும்பிப் பார்த்தபோது வளையங்கள் உடைந்து பிறைகளாகிவிட்டன. வானத்து வளையத்தையும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை; தரையின் வளையத்தையும் பார்க்கவில்லை. முக்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் காரணத்தை ஆராயத் தொடங்கினேன். ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்குத் தோல்வி வந்தால் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்தானே துணை! நீங்களும் என்னோடு சேர்ந்து ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

24 மெகாபிக்சல் காமிரா ஒன்றில், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளியுணர் தகட்டின் குறுக்கே 6000 படப்புள்ளிகள் அமைந்துள்ளன. ஆகவே ஒரு புள்ளியின் அகலம் 6 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லென்ஸின் குவியத் தூரம் 400 மில்லிமீட்டராயின், உருவம் ஒரு புள்ளியளவு நகர்வதற்குக் காமிரா எவ்வளவு திரும்பவேண்டும்? ஒரு டிகிரியை 1200 கூறாக்கினால் அதில் ஒரு கூறு திரும்பினால் போதும். லென்ஸின் நீளம் 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் முனை நாலரை மைக்ரான் அசைந்தாலே அவ்வளவு திருப்பம் நேர்ந்துவிடும். மனிதத் தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரான். அதாவது, மயிரிழையில் பதினைந்தில் ஒரு பங்கு அசைவு!

இப்போது என் வளையத்துக்கு வருவோம். 400 மில்லிமீட்டர் லென்ஸில் சூரியனின் உருவம் ஏறக்குறைய 3.7 மில்லிமீட்டர் வட்டமாக விழும். அதாவது சுமார் 600 புள்ளிகள். அன்று சந்திரனின் தோற்ற விட்டம் சூரியனுடையதில் ஏறக்குறைய 97 விழுக்காடு. மீதி 3 விழுக்காட்டில் ஒரு பக்கத்துக்குப் பாதி. கணக்கிட்டால் வளையத்தின் தடிப்பு 9 புள்ளிகளே. லென்ஸின் முனை ஒரு மயிரிழையளவுகூட ஆடவேண்டியதில்லை, அதில் பாதிக்குச் சற்று மேல் ஆடினாலே வளையம் வளையத்தின்மேல் ஏறிவிடும். காற்றில் என் முக்காலி ஆடியது கண்ணுக்கே தெரிந்தது. பிறகு படம் தெளிவாக வருவது எப்படி?

காமிராவைக் கையில் பிடித்துப் படம் எடுப்போர்க்கு ஒரு பழைய விதி உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, வினாடியை அத்தனை கூறாக்கி ஒரு கூறுக்குமேல் ஷட்டரைத் திறந்து வைக்கலாகாது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/50 வினாடி. 400 மில்லிமீட்டருக்கு 1/400. இந்நாளில் காமிராவுக்குள்ளேயே அசைவை ஈடுசெய்யும் அமைப்பு வந்துவிட்டபடியால் இவ்விதி பெரிதும் தளர்ந்துவிட்டது. நண்பகல் வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தைகளைப் படம் எடுப்பவருக்கு முக்காலி சுமையே. ஆனால் விடியற்காலை மலைச்சரிவு, வெண்பட்டாய் வழியும் அருவி, விண்மீன்கள், கிரகணம், நெடுநேரம் ஒரே கூட்டை நோக்கிக் காத்திருத்தல் ஆகியவற்றுக்கு அந்த அமைப்பு போதாது. அலைபேசியால் இரவு வானத்தைப் படம் எடுக்கும் உங்களுக்கும் இதே நிலைதான்.

பழங்காலத்தில் இந்தத் தேவை இன்னும் கடுமையாக இருந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றிக் கல்லில் வெட்டியுள்ள சாசனங்களை அவர் 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் கையாண்டது மருந்து தோய்த்த காகிதத்தில் படம் பதிக்கும் முறை. வெயிலிலும் அது மெதுவாகவே பதியும்; கையில் பிடித்து எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் காமிராவை நகர்த்தவேண்டும். நகர்த்திய இடத்தில் மட்டம் பிசகாமல் நிறுத்தவேண்டும். பிசகினால் கல்லெழுத்தின் வரி படிக்கட்டுப்போல் உடைந்து தெரியும். 21 முறையும் அம்மனிதர் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி முக்காலிக்கு ஏன் மூன்று கால்கள் என்பதைக் காண்போம். சிற்றூரில் வயல்வெளிச் சமையலுக்கு மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு அமைப்பார்கள். கற்கள் ஒரே அளவாக இருக்கவேண்டுவதில்லை. தரையும் மட்டமாக இருக்கவேண்டுவதில்லை. பானை சற்றுச் சாயலாமேயன்றி ஆடாது. ஆனால் நான்கு கால் மேசையை மேடுபள்ளமான தரையில் போட்டால் ஒரு காலுக்குக் கீழே காகிதம் மடித்து வைக்கிறோம். எந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தில் அமைந்தே தீரும். நான்காவது புள்ளி அத்தளத்தில் வந்து விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வடிவக் கணித வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறோம். அடுப்புக் கூட்டுகிற பாட்டிமார் மறப்பதில்லை.

ஆனால் மூன்று கால்கள் ஆடாமல் நிற்கும் என்பது, கால்களே வளையாமல் இருந்தால்தான். இங்கேதான் முக்காலிக்கு முக்காலி வேறுபாடு வருகிறது. உங்கள் அடிக்கோலை மேசை விளிம்பில் வைத்து, ஒரு பகுதியை வெளியே நீட்டி, முனையைத் தட்டிப் பாருங்கள். சிறிது நீட்டினால் வேகமாகத் துடித்து உடனே அடங்கும். நிறைய நீட்டினால் சோம்பலாக ஆடி நெடுநேரம் கழித்தே ஓயும். நீட்டிய நீளம் இரு மடங்கானால், அதே பாரத்துக்கு முனை தாழ்வது எட்டு மடங்காகும். குழாயின் பருமனுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. சுவரின் தடிப்பு மாறாதிருக்க, விட்டம் இரு மடங்கானால் வளைவை எதிர்க்கும் வலிமை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. உள்ளே ஒன்றுமில்லாத மூங்கில் சாரத்துக்கு உதவுவது இந்த விதியினால்தான்.

இதைக் கொண்டு முக்காலியின் காலைப் பாருங்கள். ஒன்றினுள் ஒன்று செருகிய குழாய்கள் அவை. நான்கு அடுக்குக் கால் ஒன்றில் மேற்குழாய் 28 மில்லிமீட்டர் என்றால், அடுத்தடுத்தவை 25, 22, 19 என்றாற்போலக் குறைந்துகொண்டே போகும். கடைசிக் குழாயின் வலிமை முதற்குழாயினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐந்து அடுக்கு இருப்பின் தரையைத் தொடுவது ஏறக்குறைய குச்சிதான். மடக்கினால் குட்டையாகும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஆகவே மூன்று அடுக்குக் காலையே நான் விரும்புகிறேன். பேருந்தில் அடிக்கடி பயணம் செய்பவர் நான்கு அடுக்கை ஏற்கலாம். வெளியிடத்துக்கு மேற்குழாய் 28 மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பது நல்லது. என் பழைய முக்காலியின் மேற்குழாய் 20 மில்லிமீட்டர். வலிமைக் கணக்கில் 28க்கும் 20க்கும் உள்ள வேறுபாடு 2.7 மடங்கு.

அடுத்தது நடுத்தண்டு. மூன்று கால்களும் கூடுமிடத்திலிருந்து மேலே உயர்த்தத்தக்க ஒரு தண்டு பெரும்பாலான முக்காலிகளில் இருக்கும். அதை உயர்த்தினால் முக்காலியின் தலையில் ஒற்றைக்கால் ஒன்றை நட்டுவைத்ததாக ஆகும். மூன்று காலின் பயன் அங்கேயே முடிந்துவிடுகிறது. சாலையோரத்தில் நில அளவை செய்வோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய முக்காலியை ஒருநாள் நின்று பாருங்கள். நடுத்தண்டே இராது. கால்கள் பருமனாக இருக்கும். உச்சியில் அகன்ற தட்டு. அடியில் இரும்புக் கூர்முனை. அதைக் காலால் மிதித்துத் தரையில் இறக்குவதற்கு ஒரு மிதிகட்டை. ஒரு டிகிரியில் சிறு பின்னம் பிழைத்தாலும் எல்லைத் தகராறு வந்துவிடும் தொழில் அது. அவர்கள் நடுத்தண்டை வேண்டாம் என்று விலக்கியிருக்கிறார்கள் என்றால் நாம் சிந்திக்க வேண்டாமா?

நடுத்தண்டை உயர்த்தாமலே காமிரா உங்கள் கண்ணுக்கு நேராக வரவேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குக் கண் 154 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தலைப்பகுதிக்கு 10, காமிராவுக்கு 10 போக, கால்கள் மட்டும் ஏறக்குறைய 135 சென்டிமீட்டர் நிற்கவேண்டும். மலைச்சரிவில் பள்ளத்துப் பக்கத்துக் கால் இன்னும் நீளவேண்டியிருக்கும். ஆகவே சற்றுக் கூடுதலாக இருந்தால் குறையில்லை.

எந்தப் பொருளால் ஆனது என்பதும் ஒரு கேள்வி. அலுமினியம் மலிவு, அடிபட்டால் நெளியும், எளிதில் உடையாது. கார்பன் இழையால் ஆன குழாய் அதே உறுதிக்கு எடை குறைவாக இருக்கும். அதிர்வையும் விரைவில் அடக்கும். பிரான்ஸ் நாட்டின் கிட்ஸோ நிறுவனம் 1994இல் கார்பன் இழை முக்காலியைக் கொண்டுவந்தது. அதன்பின் பலரும் செய்யத் தொடங்கினர். ஆனால் கூரிய கல்லில் பலமாக மோதினால் அக்குழாய் விரிசல் விடக்கூடும். விலையும் மிக அதிகம். மெல்லிய கார்பன் காலைவிடப் பருத்த அலுமினியக் கால் மாணவர்க்கு நல்லது என்பதே என் கருத்து. பெட்டியின்மேல் இத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். நிறுவனங்கள் எல்லாம் ஒரே முறையில் சோதித்துச் சொல்லும் எண் அன்று அது. தாங்குவது வேறு, ஆடாதிருப்பது வேறு. கயிற்றுக் கட்டிலும் ஆளைத் தாங்குகிறது. அதன்மேல் தராசை வைத்துப் பொன் நிறுப்பாரும் உண்டோ?

இனித் தலைக்கு வருவோம். கால்கள் எவ்வளவு உறுதியாக இருப்பினும் தலை தளர்ந்தால் எல்லாம் வீண். அன்று என்னைக் கைவிட்டதும் முதன்மையாகத் தலைதான். காலும் தலையும் தனித்தனியே கிடைக்கும். இரண்டையும் இணைக்கும் திருகு பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. காமிராவின் அடியில் பொருந்துவது 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உலகெங்கும் இவ்வளவுகளையே கையாளுகிறபடியால், ஒரு நிறுவனத்தின் காலில் வேறொன்றின் தலையைத் தயங்காமல் பொருத்தலாம்.

தலைகளுள் மிகுதியாக விற்பது குண்டுத் தலை. கடையில் இதைப் ‘பால் ஹெட்’ என்பார்கள். பாலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிண்ணத்தில் அமர்ந்த உலோகக் குண்டு ஒன்றை ஒரே திருகு இறுக்கிப் பிடிக்கிறது. எப்பக்கமும் உடனே திருப்பலாம். ஆனால் அங்கே பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. நெம்புகோல் பாடத்தை நினைவுகூருங்கள். லென்ஸின் பாரம் நெடுந்தூரத்தில் நின்று கீழே இழுக்கிறது. உராய்வோ குண்டின் ஆரத்தின் அளவிலேயே நின்று தடுக்கிறது. ஆகவே குண்டு பெரிதாக இருந்தால் பிடி வலுக்கும். என் பழைய தலையின் குண்டு கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. நீண்ட லென்ஸானால் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தின் காலைத்தான் தலையில் மாட்டவேண்டும். காமிராவை மாட்டினால் பாரமெல்லாம் முன்புறம் தொங்கும். அன்று நான் செய்த பிழைகளுள் இதுவும் ஒன்று.

மூன்று கைப்பிடியுள்ள தலை இன்னொரு வகை. மேல்கீழ், இடவலம், சாய்வு ஆகிய மூன்றையும் தனித்தனியே இறுக்கலாம். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கலையாது. கட்டடங்கள், இயற்கைக் காட்சிகள் எடுப்போர்க்கு இது ஏற்றது. பல்சக்கரத் தலை என்று ஒன்று உண்டு. எடையும் விலையும் கூடுதல். ஆனால் குமிழைத் திருகத் திருகக் காமிரா இம்மி இம்மியாகத் திரும்பும். பிடியைத் தளர்த்தவே வேண்டாம். வானத்தைப் படம் எடுப்பவருக்கு இதன் அருமை தெரியும். சூரியன் தன் விட்டத்தளவு தூரத்தை வானில் 2 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே 3 நிமிடக் கிரகணத்தில் காமிராவைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்; குண்டுத் தலையில் ஒவ்வொரு முறையும் தளர்த்தி இறுக்க, ஒவ்வொரு முறையும் அது சரிந்தது.

பறவை பிடிக்கப் போகும் என் மாணவருக்கு நான் சொன்னது கிம்பல் என்னும் தலை. தொட்டில் போன்ற அமைப்பு அது. லென்ஸும் காமிராவும் தம் ஈர்ப்பு மையத்தில் சமனாகத் தொங்கும். ஒரு விரலால் தள்ளினால் பறவையோடு கூடவே திரும்பும். விட்ட இடத்தில் நிற்கும். வீடியோ எடுப்போர்க்கான எண்ணெய்த் தலையைப் பற்றி இங்கே பேசவில்லை. அதன் நோக்கம் வேறு.

தலைக்கும் காமிராவுக்கும் இடையில் ஒரு சிறு தகடு வரும். ஆர்க்கா ஸ்விஸ் அமைப்பு எனப்படும் 38 மில்லிமீட்டர் அகலத் தகடு இப்போது பரவலாகக் கிடைக்கிறது. வேறெங்கும் கிடைக்காத தனி அளவுத் தகடுள்ள தலையை வாங்காதீர்கள். தகடு ஒன்று தொலைந்தால் தலையே பயனற்றுப் போகும்.

கடைக்குச் செல்லும்போது உங்கள் காமிராவையும் உங்களிடமுள்ள மிக நீண்ட லென்ஸையும் எடுத்துச் செல்லுங்கள். முக்காலியின் கால்களை முழுதும் நீட்டி, உச்சியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, துணி பிழிவதுபோல் திருகுங்கள். முறுக்கேறித் திரும்பினால் அது வேண்டாம். பிறகு காமிராவை மாட்டித் தெருவின் எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகையைக் குறிவைத்துத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். திருகை இறுக்கிக் கையை எடுத்ததும் எழுத்து நகர்கிறதா? நகர்ந்தால் தலை சரிகிறது. ஒரு காலை விரலால் சுண்டிவிட்டு எண்ணுங்கள். ஒன்று இரண்டு என்பதற்குள் எழுத்து அடங்கிவிடவேண்டும். ஐந்துவரை எண்ணியும் ஆடினால் நன்றி கூறி வெளியே வந்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். கொடுப்பது உங்கள் பெற்றோரின் பணம். அந்தத் தொகை கைக்கு எட்டாவிட்டால், காமிராவில் ஒரு படி இறங்கி, முக்காலியில் ஒரு படி ஏறுங்கள். காமிரா சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல முக்காலி உங்கள் மூன்று காமிராக்களைக் கண்டுவிடும்.

நல்ல முக்காலியையும் கெடுத்துக் கையாளலாம். கால்களை நீட்டும்போது பருத்த குழாய்களை முதலில் நீட்டுங்கள். மெல்லியவற்றைத் தேவையானால் மட்டும். சரிவில் இரு கால்கள் பள்ளத்துப் பக்கமும் ஒரு கால் மேட்டுப் பக்கமும் இருக்கட்டும். கடற்கரை மணலில் கால்களை அழுத்திப் புதைத்து நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், இன்றேல் உப்பு இணைப்புகளை அரித்துவிடும். காற்றடித்தால் உயரத்தைக் குறையுங்கள். நடுவிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடுவது நன்று; ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே முக்காலியை ஆட்டும். காமிராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது கொடிபோல் படபடக்கும். பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 வினாடி தாமதத்தையோ, தொலைவிலிருந்து இயக்கும் கருவியையோ பயன்படுத்துங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலியை நிறுத்த முன் அனுமதி வேண்டும். காவலரோடு வழக்காடாமல் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது மூன்று அடுக்கு அலுமினிய முக்காலி. பல்சக்கரத் தலையோடு சேர்த்து மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. தோளில் வைத்தால் இருப்பது நன்றாகவே தெரிகிறது. என் மகள்கூட, “இந்த வயதில் இது எதற்கு அப்பா?” என்று கேட்டுவிட்டாள்.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மீண்டும் ஒரு கங்கண சூரிய கிரகணம் நம் பக்கம் வருகிறது. கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை, காரைக்குடி வழியாக அதன் பாதை அமைந்துள்ளது. இம்முறை நண்பகலை ஒட்டிய நேரம். சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கும். அதைக் குறிவைக்கத் தலை அவ்வளவுக்கு நிமிருமா, நிமிர்ந்தால் லென்ஸ் முக்காலியின் காலில் இடிக்குமா என்பதை இப்போதே மாடியில் வைத்துப் பார்த்துவிட்டேன். இடிக்கவில்லை. அன்று உங்களில் சிலராவது என்னோடு வாருங்கள். காமிராவை நிறுத்தி, குறிவைத்து, இயக்கும் கருவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் ஏதேனும் ஒரு வேப்பமரத்தடியைத் தேடிப் போகப்போகிறேன்.